கோடை ஓட்டமும் நாடித் துடிப்பும்

மே மாதத்தில் ஒரு நாள். விடிவதற்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. மீஞ்சூர் இரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார இரயில் வந்து நிற்கிறது. முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களுடன் ஏறிக்கொள்கிறார்கள். அதே வேளையில் ஊருக்கு வெளியே, சாலையோரமாகச் சில இளைஞர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் காவலர் தேர்வுக்காகப் பயிற்சி செய்பவர்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடியாக வேண்டும். வேறு சிலர் சென்னையில் சனவரி மாதம் நடக்கும் மாரத்தானில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள். இவர்களுக்குப் பயிற்சியாளர் கிடையாது; மருத்துவக் குழு கிடையாது. கையில் ஒரு கடிகாரம் மட்டும் இருக்கிறது.

இவர்களுள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 20, எடை 60 கிலோகிராம். சனவரி மாதத்தில் அவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஓடியபோது அவருடைய நாடி நிமிடத்திற்கு 150 முறை துடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் அதே சாலை, அதே வேகம். ஆனால் நாடி 170 என்று காட்டுகிறது. அவர் என்ன நினைப்பார்? "உடம்பு தளர்ந்துவிட்டது, பயிற்சி போதவில்லை" என்றுதான் நினைப்பார். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுவார். இந்த முடிவு தவறானது. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது. அவருடைய உடம்பு தளரவில்லை. இதயத்தின் தலையில் இன்னொரு வேலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அது என்ன வேலை என்று பார்ப்போம்.

அத்திப்பட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கிறது

மீஞ்சூருக்குப் பக்கத்தில் அத்திப்பட்டு, வல்லூர் பகுதிகளில் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி வெப்பத்தை எப்படியாவது வெளியேற்ற வேண்டும். இல்லையேல் நிலையம் ஓடாது. அதற்காகத்தான் தண்ணீரும், குளிர்விப்புக் கோபுரங்களும்.

நமது தசையும் இப்படிப்பட்ட ஓர் எந்திரமே; திறனில் மின் நிலையத்தைவிடவும் சற்றுக் குறைந்தது. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் இயக்கமாகிறது. மற்றதெல்லாம் வெப்பம். சமதரையில் ஓடுகிறவருக்கு எடையில் ஒரு கிலோகிராமுக்கு, கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். இது நினைவில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு. நம் இளைஞர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறார். எனவே அவருக்கு மணிக்கு 600 கிலோகலோரி செலவாகிறது. அதில் சுமார் 480 கிலோகலோரி வெப்பமாகிவிடும்.

இந்த வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? மனித உடலின் தன்வெப்பம் 0.83. ஆகவே 60 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 50 கிலோகலோரி போதும். 480ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 9 டிகிரிக்கு மேல்! அதாவது ஆறு நிமிடத்திற்கு ஒரு டிகிரி. 37 டிகிரியில் புறப்பட்டவர் அரை மணியில் 41ஐத் தாண்டிவிடுவார். அப்படி ஆவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஏனெனில் வெப்பம் தோலின் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த வெளியேற்றம் தடைபட்டால் எவ்வளவு விரைவில் ஆபத்து வரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

வெளியேறும் வழிகளில் முதன்மையானது வியர்வை ஆவியாதல். ஒரு கிராம் வியர்வை தோலின் மீது ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. (பாடநூலில் 540 என்று இருக்கிறதே என்கிறீர்களா? அது 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கு. தோலின் வெப்பநிலையில் உள்ளுறை வெப்பம் சற்று அதிகம்.) ஆக, 480 கிலோகலோரியை வெளியேற்ற முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வியர்வை ஆவியானால் போதும். 'ஆவியானால்' என்பதைக் கவனியுங்கள். சொட்டித் தரையில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அது வீணாகப் போன தண்ணீர்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் இன்றும் உண்டு. "நன்றாக வியர்த்தால் கொழுப்பு கரையும்" என்று நம்பி, கொளுத்தும் கோடையில் பிளாஸ்டிக் சட்டை அணிந்து ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு வியர்வை வருகிறது, ஆவியாக வழியில்லை. குளிர்விப்புக் கோபுரத்தின் வாயை அடைத்துவிட்டு மின் நிலையத்தை ஓட்டுவது போன்ற செயல் இது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. அதில் போர்ச்சுக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் மயங்கி விழுந்து மறுநாள் இறந்தார். வெயிலிலிருந்து தப்ப அவர் உடலில் மெழுகு போன்ற பொருளைப் பூசிக்கொண்டிருந்தார் என்பார்கள். அதே பந்தயத்தில் ஓடிய ஜப்பானியர் ஷிசோ கனகுரி வெப்பம் தாங்காமல் வழியில் ஒரு வீட்டில் ஒதுங்கி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967ல் அவரை அழைத்து மீதி ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். பந்தயத்தை முடிக்க அவருக்கு 54 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! லாசரோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒரே பம்பு, இரண்டு குழாய்கள்

தசையில் உண்டாகும் வெப்பம் தோலுக்கு எப்படி வந்து சேர்கிறது? இரத்தம்தான் கொண்டுவருகிறது. இங்கேதான் இதயத்தின் இரண்டாவது வேலை தொடங்குகிறது.

ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். ஓடும்போது இது 20 லிட்டர் வரையில் உயரும். தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. பெரும்பகுதி இரத்தம் அங்கே போகிறது. சனவரி மாதத்துக் குளிர்ந்த காலையில் தோலுக்குச் சிறிது இரத்தம் போனாலே போதும். கோடையில் நிலைமை வேறு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், உடல் சூடேறுவதை உணர்ந்து, தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஓய்வில், இதமான சூழலில் தோலுக்குப் போகும் இரத்தம் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் குறைவு. கடும் வெப்பத்தில், சும்மா இருக்கும் மனிதனுக்கே அது 7, 8 லிட்டர் வரை போகக்கூடும்.

ஒரே பம்பிலிருந்து வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் இறைப்பது போலத்தான் இதுவும். வீட்டுக் குழாயையும் முழுதாகத் திறந்துவிட்டால் வயலுக்குப் போகும் நீர் குறையும். இரண்டுக்கும் குறைவின்றி வேண்டுமானால் பம்பு கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரிந்த தோல் குழாய்களில் இரத்தம் தேங்குவதால் இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. வியர்வையின் மூலப்பொருளோ இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. எனவே ஓட ஓட இரத்தத்தின் மொத்தக் கன அளவும் சுருங்குகிறது. இதயம் நிரம்புவது குறைந்தால், ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவும் குறையும். ஒரு கணக்குப் போடலாம். துடிப்புக்கு 130 மில்லிலிட்டர் வீதம் 150 துடிப்பு என்றால் நிமிடத்திற்கு 19.5 லிட்டர். துடிப்புக்கு 115 மில்லிலிட்டராகக் குறைந்துவிட்டால், அதே 19.5 லிட்டரைத் தர எத்தனை துடிப்பு வேண்டும்? வகுத்துப் பாருங்கள்: 170. நம் இளைஞரின் கடிகாரம் காட்டிய எண் இதுதான்!

இத்துடன், உடல் வெப்பம் உயர்வதே இதயத் துடிப்பை விரைவுபடுத்தும். காய்ச்சல் வந்தவரின் நாடி வேகமாக அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 10 துடிப்பு கூடும். இதனால்தான் ஒரே வேகத்தில் ஓடினாலும் பத்தாவது நிமிடத்தில் 150 ஆக இருந்த நாடி ஐம்பதாவது நிமிடத்தில் 165ஐத் தொடுகிறது. வேகம் மாறவில்லை, ஆனால் நாடி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது.

வெப்பம் மட்டுமே நாடியை எவ்வளவு உயர்த்தும் என்பதை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில மருத்துவர், 1774-75ல் இலண்டனில், தம் நண்பர் ஜார்ஜ் போர்டைஸ் அமைத்த சூடான அறைக்குள் நுழைந்தார். அறையின் வெப்பநிலை 260 டிகிரி பாரன்ஹீட். அதாவது சுமார் 127 டிகிரி சென்டிகிரேடு! அந்த அறையில் வைத்த முட்டை வெந்து கெட்டியாயிற்று. இறைச்சித் துண்டும் வெந்தது. பிளாக்டன் வேகவில்லை. காற்று உலர்ந்திருந்தது, வியர்வை உடனுக்குடன் ஆவியாயிற்று. சுமார் எட்டு நிமிடத்திற்குப் பின் வெளியே வந்து நாடியைப் பார்த்தபோது அது நிமிடத்திற்கு 144 முறை துடித்தது. வழக்கமான அளவைப் போல இரு மடங்குக்கும் மேல். அவர் ஓடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்த 144ல் பாதிக்கு மேல் தோலைக் குளிர்விப்பதற்காக இதயம் செய்த வேலை. (கரைசல்களின் உறைநிலை பற்றிய பிளாக்டன் விதியைப் பின்னால் வேதியியலில் படிப்பீர்கள். அந்தப் பிளாக்டனும் இவரே.)

காலையில் ஈரப்பதம் 88, மாலையில் 50

உலர்ந்த காற்றில் 127 டிகிரியைத் தாங்கிய உடல், கடற்கரையோரத்தில் 38 டிகிரியில் தவிப்பதேன்? மண் பானையைக் கேட்டால் தெரியும். உள்நாட்டு ஊர்களில் கோடையில் சில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர், மீஞ்சூர், எண்ணூர் போன்ற கடலோர ஊர்களில் அவ்வளவு குளிர்வதில்லை. கடற்காற்றும், கழிமுகமும், உப்பளங்களும் சூழ்ந்த பகுதி. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது.

இங்கே ஓடுகிறவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. செய்தியில் காலை ஈரப்பதம் 88 விழுக்காடு, பிற்பகல் 50 விழுக்காடு என்று வருகிறது. அப்படியானால் காலையில் வியர்வை ஆவியாகாதே. மாலை நான்கு மணிக்கு ஓடுவதுதான் நல்லதோ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பு ஈரப்பதம் என்ற எண் இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

வியர்வை ஆவியாகும் வேகம் தோலின் மேலுள்ள ஆவி அழுத்தத்திற்கும் காற்றிலுள்ள ஆவி அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. தோலின் வெப்பநிலை 35 டிகிரி என்றால், ஈரத் தோலின் மேல் ஆவி அழுத்தம் 42 மில்லிமீட்டர் (பாதரச மட்டத்தில்). இனி காற்றைப் பார்ப்போம். காலையில் 28 டிகிரி. அந்த வெப்பநிலையில் தெவிட்டிய ஆவி அழுத்தம் 28.3 மில்லிமீட்டர். அதில் 88 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 25. பிற்பகலில் 38 டிகிரி. தெவிட்டிய அழுத்தம் 49.7. அதில் 50 விழுக்காடு? அதுவும் ஏறத்தாழ 25! காலையிலும் மாலையிலும் காற்றிலுள்ள நீராவி ஒன்றே. காற்று சூடேறியதால் விழுக்காடுதான் குறைந்தது. ஆவியாதலுக்குக் கிடைக்கும் வேறுபாடு இரு வேளையிலும் 17 மில்லிமீட்டரே.

அப்படியானால் எது நல்லது? காலைதான். 28 டிகிரிக் காற்று, 35 டிகிரித் தோலிலிருந்து நேரடியாகவும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 38 டிகிரிக் காற்றோ தோலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். போதாததற்கு வெயிலும் தார்ச் சாலையின் அனலும் சேர்ந்துகொள்ளும். காலையில் ஒரு குறை உண்டு. காற்று அசையாமல் புழுக்கமாக இருந்தால் தோலைச் சுற்றியுள்ள ஈரக் காற்று விலகாது. ஓட்டத்தின் வேகமே அதற்கு ஓரளவு விசிறியாகிறது. ஓடி முடித்து நின்றவுடன் வியர்வை ஆறாய்ப் பெருகுவது இதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, சனவரி விடியற்காலையில் 22 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று கொண்டால் காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 17, வேறுபாடு 25. கோடையில் கிடைக்கும் 17ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சனவரியில் நாடி 150 ஆக இருந்ததற்கு விளக்கம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

வெயிலே இல்லாவிட்டாலும் ஈரக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2019 செப்டம்பர் 27 அன்று தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியைச் சொல்லலாம். வெப்பத்திற்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். நம் மே மாத விடியற்காலையைவிடச் சற்று மோசம், அவ்வளவே. புறப்பட்டவர்கள் 68 பேர். உலகின் தேர்ந்த வீராங்கனைகள். முடித்தவர்கள் 40 பேர்.

பத்து நாளில் உடல் கற்றுக்கொள்வது

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டுக் கோடையில் ஓடவே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். உடல் வெப்பத்துக்குப் பழகும். அதுவும் வியப்பூட்டும் விரைவில் பழகும்.

இதை ஓட்டக்காரர்களுக்கு முன்பே அறிந்துகொள்ள நேர்ந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். கோலார் தங்கச் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானவை. அடியில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல். சுரங்கத்தில் தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிப்பதால் காற்றும் ஈரமாக இருக்கும். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் அங்கே ஏராளமாக வேலை செய்தார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவர்கள் மயங்கி விழுவதைப் பற்றி 1944ல் காப்லன் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஈர வெப்பத்தில் மனிதன் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று அவரும் லின்ட்சே என்பவரும் அங்கேயே சோதனைகள் நடத்தினார்கள். கோலார் சுரங்கங்கள் 2001ல் மூடப்பட்டுவிட்டன. அந்தக் கட்டுரைகள் வெப்ப உடலியல் வரலாற்றில் நிலைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், புதிதாக வந்த தொழிலாளர்களை உள்ளே அனுப்புமுன், சூடான ஈர அறையில் பல நாட்கள் மேடை ஏறி இறங்கச் செய்து பழக்கினார்கள். வெப்பத் தாக்கால் இறப்பவர்கள் எண்ணிக்கை குறைந்தது. தொழிலாளரின் நலத்தைவிடச் சுரங்கத்தின் விளைச்சலே அங்கு நோக்கமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அறைகளிலும் பிற்காலச் சோதனைக்கூடங்களிலும் கண்டது இது. வெப்பத்தில் நாள்தோறும் ஒரு மணி அளவு மிதமாக உழைத்தால், முதல் நான்கைந்து நாளிலேயே பிளாஸ்மாவின் அளவு பெருகுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் கூடுகிறது. துடிப்புக்கு வெளியேறும் அளவு மீள்கிறது. அதே வேலைக்கு நாடி இறங்குகிறது. அடுத்த சில நாட்களில் வியர்வை முன்னைவிடச் சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதிகமாகவும் சுரக்கும். அந்த வியர்வையைத் தொட்டு நாவில் வைத்தால் கரிப்பும் குறைந்திருக்கும்! ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், வியர்வைச் சுரப்பிகள் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளுமாறு செய்கிறது. 10 முதல் 14 நாட்களில் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் நிறைவடைகின்றன. பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் மறைந்தும் விடுகின்றன.

"நான் பிறந்தது முதல் மீஞ்சூரில்தான் இருக்கிறேன், எனக்கு ஏன் பழக்க வேண்டும்?" என்று கேட்கலாம். வெப்பமான ஊரில் வாழ்வது மட்டும் போதாது. மின்விசிறியின் கீழ் இருப்பவருக்கு வரும் பழக்கம் வேறு; வெப்பத்தில் உழைப்பவருக்கு வரும் பழக்கம் வேறு. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் உலை அருகே வேலை செய்கிறவர் நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பி வந்த முதல் சில நாட்களில் படும் பாட்டைக் கேட்டால் இது விளங்கும்.

கூடிய பிளாஸ்மா குளிர்ந்த நாட்களிலும் பயன்படுமா? 2010ல் அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தார், பயிற்சி பெற்ற 12 மிதிவண்டி வீரர்களை 40 டிகிரியில் 10 நாட்கள் பழக்கினர். பிறகு குளிர்ந்த அறையில் சோதித்தபோதும் அவர்கள் ஆக்சிஜன் உட்கொள்ளும் திறன் 5 விழுக்காடு உயர்ந்திருந்தது. பின்னால் வேறு சில சோதனைகளில் இந்தப் பலன் தெரியவில்லை. எனவே இதை உறுதியான ஆதாயமாக எண்ணிவிட முடியாது. ஆயினும் கோடையில் மெதுவாக ஓடுவது வீண் என்று நினைப்பவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

எதைப் பார்த்து ஓடுவது?

சனவரி வேகத்தை மே மாதத்தில் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. நாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 150 நாடியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடியவர், கோடையில் அதே 150 நாடிக்கு ஆறே முக்கால் நிமிடமோ ஏழு நிமிடமோ எடுத்துக்கொள்ளட்டும். இதயமும் தசையும் பெறும் பயிற்சி பெரிதும் குறைவதில்லை. பத்து நாள் கழித்து, அதே நாடியில் வேகம் தானாகவே சற்றுக் கூடியிருப்பதைக் காண்பார்.

'220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி' என்ற சூத்திரத்தைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது திட்டமிட்ட ஓர் ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1970ஐ ஒட்டி அமெரிக்க மருத்துவர்கள் சிலர் பல ஆய்வுகளின் எண்களை ஒரே வரைபடத்தில் குறித்து, உத்தேசமாக இழுத்த கோடு. ஒரே வயதுடைய இருவருக்கு உச்ச நாடி 20 துடிப்பு வேறுபடுவது சாதாரணம். கைக்கடிகாரங்களும் சில நேரம் தவறும். அவை பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்தம் உறிஞ்சும் அளவு மாறுவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகின்றன. ஓடும்போது கை குலுங்குவதால் துடிப்புக்குப் பதில் காலடிகளை எண்ணிவிடுவதும் உண்டு. கடிகாரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு குறளை, ஏழு சீரையும், நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வேகம் மிதமானது. முதலடியிலேயே மூச்சு முட்டினால் மெதுவாக ஓடுங்கள்.

காவலர் தேர்வுக்குப் பயிற்சி செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1,500 மீட்டர் ஓட்டத்தில் 60 கிலோகிராம் உடலில் உண்டாகும் வெப்பம் சுமார் 72 கிலோகலோரி. எதுவுமே வெளியேறாவிட்டாலும் வெப்பநிலை ஒன்றரை டிகிரிதான் உயரும். ஆகவே தேர்வு நாளின் ஏழு நிமிடத்தில் வெப்பம் பெரிய எதிரியல்ல. போதிய ஓய்வின்றி அதே ஓட்டத்தை எட்டு முறை, பத்து முறை திரும்பத் திரும்ப வெயிலில் ஓடுவதே எதிரி. வேகப் பயிற்சியை விடியற்காலையில், சூரியன் மேலேறுமுன் முடித்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் உலவுகின்றன. ஓடும்போது தண்ணீர் குடிக்கவே கூடாது என்பது பழைய கருத்து. அது போக வேண்டியதுதான். முடிந்த மட்டும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது புதிய கருத்து. அதுவும் ஆபத்தே. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முதன்மைக் காரணம். ஓடுமுன்பும் பின்பும் எடை பார்த்தால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியும். ஓடிய பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். தாகத்துக்குக் குடியுங்கள்; முடித்தபின் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். உப்பு மாத்திரைகள் வேண்டியதில்லை.

இனி ஆபத்து. கூட ஓடுகிறவர் திடீரென்று தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், எரிச்சல் படுகிறார், அல்லது விழுந்துவிடுகிறார். உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுவதன் அறிகுறிகள் இவை. இதை வெப்பத் தாக்கு என்கிறோம். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் வியர்வையால் நனைந்தே இருக்கும். 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று விட்டுவிடக் கூடாது. 108க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி தாங்கிப் பிடித்து உள்ளே அமர்த்துங்கள். பனிக்கட்டி கிடைத்தால் நீரில் போடலாம். தொட்டி இல்லையேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறியிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமெரிக்காவில் பால்மத் என்ற ஊரில் ஆகஸ்டு மாதந்தோறும் 11 கிலோமீட்டர் சாலை ஓட்டம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு ஏற்பட்டது. அவர்களை அங்கேயே குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. முதல் அரை மணி நேரமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

நீங்களே செய்து பார்க்க

ஓடாதவர்களும் செய்யக்கூடிய சோதனை ஒன்று. உங்களுக்கு இதய நோயோ காய்ச்சலோ இருக்கக் கூடாது. வீட்டுத் திண்ணையின் ஒரு படியில், சீரான தாளத்தில், மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். நிறுத்திய உடனே மணிக்கட்டில் இரண்டு விரலால் நாடியைத் தொட்டு 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் தொடக் கூடாது. அதன் நாடியே உங்களைக் குழப்பும். நின்றவுடன் துடிப்பு வேகமாக இறங்குவதால் முழு நிமிடம் எண்ணினால் கணக்குத் தப்பும். இதை விடியற்காலையில் ஒரு முறையும், முற்பகல் 11 மணிக்கு நிழலில் ஒரு முறையும் செய்து, அன்றைய வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அட்டவணையிலிருந்து ஆவி அழுத்தத்தைக் கணக்கிட்டு மூன்றாவது பத்தியில் குறியுங்கள். சித்திரையில் தொடங்கி ஆனி வரையில் எழுதினால், நாடி ஆவி அழுத்தத்தைப் பின்பற்றுகிறதா, வெப்பநிலையைப் பின்பற்றுகிறதா என்பதை உங்கள் நோட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.